செவலைக்கு ஹாலில் ஓர் இடம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை, காலையில் வ.உ.சி. மைதானம் வரை நடந்துவிட்டு வருகிறார். மருமகளுக்கு வாந்தி நின்று, சாதம் உள்ளே இறங்குகிறது என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இரண்டு பேரும் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

"நம் பூனை செவலை துணிக்கூடையில் மூத்திரம் போகிறான், மருமகளும் மாசமாக இருக்கிறாள், யாருக்காவது கொடுத்துவிடலாமா?" என்று கேட்டாய். கொடுக்க வேண்டாம். அவன் கழிப்பதற்கு மணல் போட்டு வைத்திருக்கும் அந்த லிட்டர் பாக்ஸைக் குளியலறையிலிருந்து வெளியே எடு. ஹாலில் வை. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. இடம் மாற்றுவதெல்லாம் உடம்பு நன்றாக இருக்கும் பூனைக்குத்தான். செவலை ஆண் பூனை. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். சின்னப் படிகமோ சளிபோன்ற கசடோ போதும், அடைத்துக்கொள்ளும். அடிக்கடி பாக்ஸுக்குள் போய் உட்கார்ந்து முக்குகிறானா, கத்துகிறானா, பின்பக்கத்தை விடாமல் நக்குகிறானா, வெளியே வருவது சொட்டுச் சொட்டாக இருக்கிறதா, அல்லது ஒன்றுமே வரவில்லையா, இவற்றை முதலில் கவனி. ஒன்றுமே வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதே. கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்த காலத்தில் அப்படி அடைத்துக்கொண்ட கடுவன்களை மேஜையில் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். மூத்திரப்பை எலுமிச்சங்காய் மாதிரி கெட்டியாகக் கையில் தட்டுப்படும். ஒரு நாள் தள்ளினாலே சிறுநீரகம் கெட ஆரம்பிக்கும், இரண்டு மூன்று நாளில் உயிரே போகும். பக்கத்து கிளினிக்குக்கோ வேப்பேரிக்கோ உடனே தூக்கிக்கொண்டு ஓடு. 1903லிருந்து நடக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி அது, உன் அம்மா படித்த இடம். அடைப்பு இல்லையென்றாலும் ஒரு தடவை சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடு. மூத்திரப்பையில் எரிச்சல் இருக்கும் பூனை, வலி வரும் இடம் என்றே பாக்ஸை நினைத்துக்கொண்டு அதை ஒதுக்கும்.

நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் எனக்குப் பட்டது நோயைவிட வெறுப்புதான். செவலை பாக்ஸுக்குள் முழுசாக இறங்கவே இல்லை. முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் வைத்துக்கொண்டு, பின்பக்கத்தை மட்டும் உள்ளே இறக்குகிறான். முடிந்ததும் மணலைக் கிளறாமல் பக்கத்துச் சுவர் டைல்ஸைப் பிறாண்டுகிறான், பிறகு விழுந்தடித்து வெளியே ஓடுகிறான். உள்ளே கால் வைக்கவே பிடிக்கவில்லை என்று இதைவிடத் தெளிவாக ஒரு பூனையால் சொல்ல முடியாது. துணிக்கூடையில் அவன் குந்தி உட்கார்ந்துதானே போகிறான்? வாலைத் தூக்கி, நுனி நடுங்க, நின்றபடி சுவரில் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது, அந்தக் கதை வேறு. இவன் எல்லையெல்லாம் குறிக்கவில்லை. கழிப்பதற்கு நல்ல இடம் தேடுகிறான்.

நம் ஊர் குளியலறையைக் கொஞ்சம் பூனையின் கண்ணால் பார். யாராவது குளித்தால் தரை முழுக்க ஈரம். பூனைகளின் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. காய்ந்த மண்ணைத் தோண்டிப் போய், மூடிவிட்டு வருவதுதான் அதன் ரத்தத்தில் இருக்கிறது. ஈரக்காலோடு பாக்ஸில் ஏறினால் மணல் விரலிடுக்கில் ஒட்டிக் கட்டியாகிவிடும். நீ வாங்கும் மணல் பெண்டோனைட், குஜராத்தில் கட்ச் பக்கம் நிறையத் தோண்டி எடுக்கிறார்கள். தண்ணீர் பட்டால் ஊதிப் பெருத்து இறுகும் களிமண் அது. மூத்திரம் பட்டால் உருண்டையாவது அந்தக் குணத்தால்தான். வாளித் தண்ணீர் தெறித்தாலும் அதே கதைதான். கழிப்பறையில் கொட்டி ஃப்ளஷ் செய்தாலும் அதுதான் நடக்கும், குழாய் அடைத்துக்கொள்ளும், அந்த வேலையைச் செய்யாதே. அள்ளியதைக் கவரில் கட்டிக் குப்பையில் போடு.

கதவு இன்னொன்று. வெளியே போகும்போது பழக்கதோஷத்தில் யாராவது சாத்திவிட்டால், அவசரத்துக்கு அவன் எங்கே போவான்? ஒரே வாசல் உள்ள சின்ன அறை வேறு. உள்ளே உட்கார்ந்திருக்கும்போது ஆள் வந்துவிட்டால் தப்பிக்க வழி கிடையாது. கழிக்கும்போது பூனை தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறது. அதனால் வருவது யார் என்று பார்க்கவும் வேண்டும், ஓடுவதற்கு இன்னொரு பக்கமும் வேண்டும்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை பினாயில்தான். பூனையின் கல்லீரலுக்கு அதில் இருக்கும் ஃபீனால் வகைகளை உடைத்து வெளியேற்றும் சக்தி மிகக் குறைவு. கருப்பு பினாயில் ஊற்றித் தேய்த்த தரையில் நடந்துவிட்டு, உட்கார்ந்து பாதத்தை நக்கினால் நேராக வயிற்றுக்குள் போகும். டெட்டாலும் ஆகாது. வாஷ்பேசின் ஓட்டையில் போட்டு வைத்திருக்கிறீர்களே பாச்சை உருண்டை, அதுவும் பூனைக்கு விஷம். இன்றைக்கே எடுத்துவிடு. தரைக்குச் சோப்புத் தண்ணீரும் வெந்நீரும் போதும்.

சர்வீஸ் ஏரியா எப்படி என்று மருமகள் கேட்டாள். அங்கேதானே அவன் சாப்பாட்டுத் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் இருக்கின்றன? சாப்பிடும் இடத்தில் பூனை கழிக்காது. தட்டை மாற்றினாலும் வாஷிங் மெஷினை என்ன செய்வாய்? உள்ளே இருக்கும் நேரம் பார்த்து அது ஸ்பின்னில் அதிர ஆரம்பித்தால், ஒருமுறை மிரண்டது போதும், பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டான். அடுப்படியை ஒட்டிய இடத்தில் அந்த மணல் இருப்பது மருமகளுக்கும் நல்லதில்லை.

பால்கனி வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் அந்தத் தரையில் கால் வைக்க முடியாது, ஐப்பசி கார்த்திகையில் சாரல் அடிக்கும். மூன்றாவது மாடி, வலையும் போடவில்லை. புறாவைப் பார்த்துப் பாய்ந்து மாடியிலிருந்து விழுந்த பூனைகளுக்கு நானே தாடையைத் தைத்திருக்கிறேன். வலை அடிப்பது தனி வேலை, அதை இந்த மாசமே முடி.

இப்போது அவன் தானாகப் போன இடத்தைப் பார். சின்ன அறையின் மூலை, துணிக்கூடை. மெத்தென்று இருக்கிறது, ஈரமில்லை, சத்தமில்லை, அங்கிருந்து கதவும் தெரிகிறது. தனக்கு என்ன வேண்டும் என்பதை அவனே காட்டியிருக்கிறான். கூடையை மூடிபோட்டதாக மாற்றி வேறெங்காவது வை. அந்த மூலையிலேயே ஒரு பாக்ஸ் வை. இன்னொன்று ஹாலில், புத்தக அலமாரிக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில். அங்கே உட்கார்ந்தால் வாசல் கதவு தெரியும், ஒரு பக்கம் சோபாவுக்குப் பின்னால் ஓடலாம், மறுபக்கம் சின்ன அறைக்குள் ஓடலாம். சாப்பாட்டு மேஜையும் தூரத்தில் இருக்கிறது. ஒரு பூனைக்கு இரண்டு பாக்ஸ் எதற்கு என்பாய். எத்தனை பூனையோ அதைவிட ஒன்று கூடுதல் என்பதுதான் எங்கள் தொழிலில் சொல்லும் கணக்கு. நிறைய பூனைகள் ஓரிடத்தில் ஒன்றுக்கும் வேறிடத்தில் இரண்டுக்கும் போக விரும்பும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அவனுக்கு அது ஒன்றுதான், ஞாபகம் வைத்துக்கொள்.

ஹாலில் வைத்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உனக்குக் கூச்சம். எனக்குப் புரிகிறது. சம்பந்தியம்மா வருகிறார்கள், பூஜை அலமாரியும் ஹாலில்தான் இருக்கிறது. ஆனால் நாற்றம் பாக்ஸால் வருவதில்லை, அள்ளாமல் விடுவதால் வருகிறது. மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் உடைக்கும்போது வரும் அமோனியாதான் மூக்கைத் துளைக்கும். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை அள்ளிவிட்டால் அதற்கு நேரமே கிடைக்காது. மாசம் ஒருமுறை மணலை மொத்தமாகக் கொட்டி, பாக்ஸை வெறும் சோப்பால் கழுவி, வெயிலில் காயவை. வாசனை போட்ட மணல் வாங்காதே, ரூம் ஸ்பிரேயும் அதன் பக்கத்தில் அடிக்காதே. நமக்கு மல்லிகை மணமாக இருப்பது அவன் மூக்கைச் சுடும். சாம்பிராணியையும் அலமாரிப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தியம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பாக்ஸும் சின்னது. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அவன் நீளத்தை அள, அதைப்போல் ஒன்றரை மடங்காவது பாக்ஸ் இருக்க வேண்டும். செவலை நீட்டிப் படுத்தால் 45 செ.மீ. இருப்பான் என்று வைத்தால் ஏறக்குறைய 70 செ.மீ. வேண்டும். கடையில் விற்கும் லிட்டர் பாக்ஸ்கள் பெரும்பாலும் இந்த அளவுக்கு வராது. பாத்திரக்கடையில் துணி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப் இருக்கும், அதில் ஒன்று வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் அவன் சுலபமாக ஏறும் உயரத்துக்கு அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடு. மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருப்பதால் மணல் ஹாலில் சிதறாது. மூடி போட்டது வேண்டாம்; சில பூனைகள் பொறுத்துக்கொள்ளும், இவன் ஏற்கெனவே மிரண்டிருக்கிறான். மணல் 5 செ.மீ. ஆழம் இருக்கட்டும். பழைய பாக்ஸை உடனே தூக்கிவிடாதே. புதியவற்றில் இரண்டு வாரம் ஒழுங்காகப் போன பிறகு குளியலறையில் இருப்பதை எடு. துணிக்கூடை இருந்த இடத்தைப் பூனைக்கடையில் கிடைக்கும் என்ஸைம் கிளீனரால் துடை. அமோனியா கலந்த கிளீனர் எதுவும் ஆகாது, அவன் மூக்குக்கு அது மூத்திர வாசனை மாதிரியே இருக்கும்.

விலைக்கு வாங்கும் மணலே புதுப் பழக்கம்தான். 1947இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர், சாம்பல் போட்டுப் பூனை வளர்த்த பக்கத்து வீட்டம்மாவுக்குத் தன்னிடம் இருந்த உலர்ந்த களிமண் குருணையைக் கொடுத்ததில் ஆரம்பித்த வியாபாரம். பாளையங்கோட்டையில் நம் ஆச்சி வீட்டுப் பூனைக்குக் கொல்லைப்புற மண் இருந்தது. செவலைக்கு அது கிடையாது. நாம் காட்டும் இடத்தைத் தவிர அவனுக்குப் போக்கிடம் இல்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இனி மருமகள் விஷயம். பூனை மலத்தால் பரவும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக் கிருமி பற்றி யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். பயம் நியாயமானதுதான். கர்ப்பத்தின்போது முதன்முறையாகத் தொற்றினால் குழந்தையைப் பாதிக்கலாம். ஆனால் முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். எலி, பறவை, பச்சைக்கறி சாப்பிடும் பூனைக்குத்தான் அது அதிகமாக வரும். வந்தாலும் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒருமுறை, ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை மலத்தில் வெளியேறும். வெளியேறிய உடனே அது தொற்றாது, ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் கழித்துத்தான் தொற்றும் நிலைக்கு வரும். தினமும் அள்ளு என்று நான் அடித்துச் சொல்வதன் காரணம் இதுதான். செவலை வீட்டுக்குள்ளேயே இருக்கிறான், அவனுக்குக் கடைத் தீனியும் வேகவைத்த கோழியும் மட்டும் கொடு. சரியாக வேகாத கறி, கழுவாத கீரை, தொட்டி மண் இவற்றாலும் வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று அவள் டாக்டரிடம் கேட்கட்டும்.

அள்ளுகிற வேலை இனி முழுக்க உன்னுடையது. நீ வெளியூர் போனால் வேறு யாரையாவது ஏற்பாடு செய். வேறு வழியே இல்லாத நாளில் அவள் கையுறை போட்டு அள்ளி, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அவனைத் தடவவும் மடியில் வைத்துக்கொள்ளவும் தடை ஒன்றும் இல்லை. அவள் அழுதாள் என்று நீ சொன்னது எனக்கு ராத்திரி முழுக்க உறுத்தியது. அவளிடம் இதைச் சொல்.

வளைகாப்பு முடிந்து அவள் அம்மா வீட்டுக்குப் போய், பிள்ளையோடு திரும்பி வரும்போது ஹால் பாக்ஸை என்ன செய்வது என்று இப்போதே யோசித்து வை. பிள்ளை தவழ ஆரம்பித்தால் மணலில்தான் முதலில் கை வைக்கும். அதற்குள் ஹாலில் இருப்பதை ஒரு நாளைக்கு ஓரடி வீதம் நகர்த்தி நகர்த்திச் சின்ன அறைக்குள் கொண்டுபோய், இரண்டு பாக்ஸையும் ஆளுக்கொரு மூலையில் வைத்து, வாசலில் தடுப்புக் கதவு போடு. பிள்ளையால் தாண்ட முடியாது, செவலை தாண்டிக் குதிப்பான். ஒரேயடியாக ஒரு நாளில் மாற்றிவிடாதே.

டப் வாங்கும்போது இரண்டும் ஒரே அளவில் வாங்கு. சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, படிகம் என்று ஏதாவது எழுதியிருந்தால் தீனியையும் மாற்ற வேண்டிவரும், அதைப் போனில் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா