"குடிப்பியா"ன்னு கேக்குறீங்க, "தூங்குறியா"ன்னு ஒரு தடவ கேளுங்க

வணக்கம். எங்க வட்டாரத்து அரசாங்க கிளினிக்க பாத்துக்குற பெரிய அதிகாரிகளுக்கும், அங்க உக்காந்து எங்கள பாக்குற டாக்டர்களுக்கும் பினாங்கு பட்டர்வொர்த்துலேர்ந்து ஒரு அக்கா எழுதுறேன். கிளினிக் பேர போடல, யாரையும் மாட்டி விடுறது என் நோக்கம் இல்ல. தம்பிகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன்.

தம்பிக்கு 41 வயசு. பிறையில ஃபேக்டரி வேல, 12 மணி நேர சிஃப்ட், ஒரு வாரம் பகல் ஒரு வாரம் ராத்திரி. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு, அதாவது ஈரல்ல கொழுப்பு சேந்துருக்குன்னு வந்துச்சு, இனிப்பு நீரும் (சர்க்கர வியாதி) இருக்கு, மத்ததெல்லாம் உங்க ஃபைல்லயே இருக்கும்.

போன செவ்வாக்கிழமை காலையில ஏழரைக்கு நம்பர் எடுத்தோம், பதினோரு மணிக்கு மேலதான் கூப்பிட்டாங்க. மிஸ்ஸி (நர்ஸ்) பிரஷர் பாத்துக்கிட்டே, சுத்தி அத்தன பேரு உக்காந்துருக்கற எடத்துல, சத்தமா "மினும் ஆராக் தா?"ன்னு, சாராயம் குடிப்பியான்னு மலாய்ல கேட்டாங்க. கேக்க வேண்டிய கேள்விதான், ஒத்துக்கறேன். ஆனா எங்க அப்பாவ குடியில பறிகொடுத்த வீடு எங்க வீடு, அதனாலயே தம்பி இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு தொட்டதில்ல. ரெண்டு வருசமா வர்றப்பல்லாம் இதே கேள்வி, இதே சத்தம், ஒவ்வொரு தடவையும் இல்லன்னு எழுதிக்கிறீங்க, அடுத்த தடவ அத யாரும் பாக்குறதில்ல. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா அவன ஏற எறங்க பாத்தாங்க. தமிழ் ஆளு, ஈரல்ல கோளாறு, அப்ப குடிகாரன்தான், அந்த பார்வைக்கு அர்த்தம் எங்களுக்கு தெரியாதா? அவன் தலைய குனிஞ்சவன் வீடு வர்ற வரைக்கும் நிமிரல.

உள்ள போனா டாக்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டு, எட கொறையல, கொறைங்க, நடங்கன்னாரு. அப்பதான் தம்பி மெதுவா சொன்னான், "டாக்டர், எனக்கு எதுலயும் மனசே இல்ல." ரெண்டு வருசத்துல அவனா வாய தெறந்து சொன்னது அதான் மொத தடவ. டாக்டர் கம்ப்யூட்டர பாத்துக்கிட்டே "எக்சர்சைஸ் பண்ணா சரியாயிடும்"னு சொல்லி மருந்து சீட்ட நீட்டிட்டாரு. வெளிய கூட்டம் நிக்குது, அவரு நெலமையும் புரியுது. ஆனா அந்த ஒரு வார்த்தைய அவன் வாயிலேர்ந்து வரவழைக்க நான் வீட்டுல எவ்ளோ நாள் கெஞ்சியிருப்பேன்னு அவருக்கு தெரியாது.

வருசா வருசம் தைப்பூசத்துக்கு பால் குடம் தூக்கி பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில்ல 513 படியும் ஏறுனவன் இந்த வருசம் "நீங்க போங்கக்கா"ன்னு செவத்த பாத்து படுத்துட்டான். நைட் சிஃப்ட் முடிஞ்சு வந்தா பகல்லயும் தூக்கம் வரல, ஃபோன எடுக்கறதில்ல, அம்பாங் ஜாஜார் பார்க்குக்கு கூப்பிட்டா செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பான், அப்புறம் திரும்பி உள்ள போயிடுவான். சொந்தக்காரங்க இவன சோம்பேறிங்கறாங்க. அவன் சோம்பேறி இல்ல.

நான் டாக்டர் இல்ல, ஆனா ரெண்டு வருசமா இத தேடி தேடி படிக்கிறேன். ஃபேட்டி லிவர் இருக்கறவங்களுக்கு மன அழுத்தமும் பதட்டமும் மத்தவங்கள விட அதிகமா வருதுன்னும், மன அழுத்தம் இருக்கறவங்களுக்கு ஃபேட்டி லிவர் வர்ற வாய்ப்பும் அதிகம்னும் ஆராய்ச்சிங்க சொல்லுது. இன்சுலின் சரியா வேல செய்யாதது, உடம்புக்குள்ள ஓயாம இருக்கற லேசான அழற்சி, கெட்டுப்போன தூக்கம்னு ரெண்டுக்கும் வேர் பல எடத்துல ஒண்ணுதான். மனசுக்கு குடுக்குற சில மாத்திரையே எடைய ஏத்தும், அதனால ஈரல பாக்குறவரும் மனச பாக்குறவரும் பேசிக்கணும். எடையில 7லேர்ந்து 10 சதவீதம் கொறைஞ்சா ஈரல் வீக்கம் தணியும்னு நீங்கதான் சொல்றீங்க, தம்பி 92 கிலோ, அப்ப ஆறரையிலேர்ந்து ஒம்போது கிலோ கொறைக்கணும், படுக்கைய விட்டு எந்திரிக்கவே முடியாதவன் எப்படிங்க கொறைப்பான்? அதான் கேக்குறேன், மனச பத்தியும் கேளுங்க.

2023ல உலகத்து கல்லீரல் டாக்டருங்க சங்கமெல்லாம் சேந்து இந்த நோயோட பேரையே மாத்துனாங்க, "நான்-ஆல்கஹாலிக் ஃபேட்டி லிவர்"ங்கற பழைய பேர்ல இருந்த "கொழுப்பு", "ஆல்கஹால்"ங்கற வார்த்தைங்க நோயாளிய கூசவைக்குதுன்னு அதுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. அங்க அவ்ளோ யோசிக்கிறாங்க, இங்க நம்ம கவுண்டர்ல கொரல கொஞ்சம் தாழ்த்தி கேக்கக்கூடாதா?

அதே 2023ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல நம்ம மலேசியாவுல பெரியவங்கள்ல பாதிக்கு மேல எடை அதிகம்னு வந்துச்சு, மன அழுத்தம் 2019ல இருந்தத விட ரெண்டு மடங்காகி 4.6 சதவீதம்னும் வந்துச்சு. இது ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருக்கலாம்னு யாராச்சும் யோசிச்சீங்களா? இதுல சிஃப்ட் வேல, ஓவர்டைம், ராத்திரி ரெண்டு மணிக்கு மாமாக் கடையில ரொட்டி சானாய விட்டா வேற சாப்பாடு கெடைக்காத நெலம, இதயெல்லாம் எந்த முதலாளி கேக்குறாரு... சரி, அத இன்னொரு நாளைக்கு வச்சிக்கிறேன், உங்ககிட்ட கேக்க வந்தது ஒண்ணுதான்.

ஃபேட்டி லிவர்னு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும், கதவ சாத்திட்டு, ரெண்டே கேள்வி கேளுங்க. போன ரெண்டு வாரமா எதுலயும் நாட்டமோ சந்தோஷமோ இல்லாம இருக்கா? மனசு சோர்ந்து, நம்பிக்கை இல்லாம இருக்கா? மன அழுத்தம் இருக்கான்னு பாக்க உங்ககிட்ட இருக்கற ஒம்போது கேள்வி ஃபாரத்துல மொத ரெண்டு கேள்வி இதுதான். ஆமான்னு சொன்னா மீதி ஏழையும் கேட்டுட்டு, மனநல ஆளுங்கள பாக்க அன்னிக்கே லெட்டர் குடுங்க. குடிய பத்தியும் கேளுங்க, ஆனா உள்ள வச்சு கேளுங்க.

தம்பிக்கு அடுத்த அப்பாயின்மென்ட் மூணு மாசம் கழிச்சு. இனிமே போக மாட்டேங்கறான், நான் எப்படியாவது பேசி கூட்டிக்கிட்டு வந்துருவேன். அவன் இன்னொரு தடவ அவனா வாய தெறப்பான்னு எனக்கு நம்பிக்கை இல்ல, அதனால இந்த தடவ தயவு செஞ்சு நீங்க மொதல்ல கேளுங்க.

இப்படிக்கு,
ஒரு அக்கா, பட்டர்வொர்த்