மல்லிகாவுக்கு, படங்களைப் பற்றி

மேலூர்,
16.11.2025

அன்புள்ள மல்லிகா,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு மழைக்காலத்தில் முழங்கால் வலி கூடுகிறது, மற்றபடி குறையில்லை. பெரியகுளத்தாளின் மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம். பத்திரிகை உனக்கும் வரும். வராவிட்டால் அவளோடு சண்டைக்குப் போகாதே, ஆண்டுக்கொரு வீடு மாறுகிறவள் நீதான்.

இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் நீ எடுத்த படங்களைத் தொலைக்காட்சியில் போட்டு அம்மாவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பார்த்தோம். கீ மடாலயம் மலையுச்சியில் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் யார் சுமப்பது?" என்று அம்மா கேட்டார்கள். நீ அங்கே விசாரித்திருந்தால் அடுத்த கடிதத்தில் எழுது. எனக்கு மிகவும் பிடித்தது லாங்சா கிராமத்துப் படம். கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேலே, ஒரு சிறுவன் உள்ளங்கையில் சுருள் வடிவக் கல்லை வைத்துக்கொண்டு நிற்கிறான். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே கிடந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த உயிரின் எச்சம் அது. விலை கொடுத்து அதை வாங்கி வராமல் படமாக மட்டும் கொண்டு வந்தாயே, அதற்காகவே உனக்கு ஒரு விருந்து வைக்க வேண்டும். தபோ மடாலயத்தில் உள்ளே படம் எடுக்க விடவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். 996-ஆம் ஆண்டில் எழுப்பிய மண்சுவர்க் கோயில் அது. சுவரோவியங்கள் இன்றும் நிற்கின்றன. வருகிறவர்கள் எல்லாம் அங்கே பிளாஷ் அடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். அந்தத் துறவிகள் மேல் எனக்கு மரியாதைதான் கூடியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் அனுப்பிய படத்தில் உள்ள வல்லூறு எந்தப் பாறையில் இருக்கிறது என்றும், உன்னோடு ஸ்பிதிக்கு வந்த எட்டுப் பேரையும் ஜனவரியில் அழைத்து வரலாமா என்றும் கேட்டிருந்தாய். உன்னைக் கூட்டிப் போவேன். உன் கூட்டத்தைக் கூட்டிப் போக மாட்டேன், பாறையின் பெயரையும் எழுத மாட்டேன். கோபப்படுவதற்கு முன் கடிதத்தை முழுவதும் படித்துவிடு.

இந்த ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் பக்கத்து மலை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். லகர் வல்லூறு சோடி ஒன்று செங்குத்துப் பாறையின் இடுக்கில் தங்கியிருந்தது. வல்லூறுகள் பெரும்பாலும் குச்சி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பிலோ வேறு பறவை விட்டுப்போன கூட்டிலோ முட்டையிடும். நகரத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் நல்ல லென்ஸ் வைத்து அருமையாகப் படம் எடுத்து, மலையின் பெயரையும் ஏறும் வழியையும் சேர்த்துப் பகிர்ந்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அடிவாரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. பிறகு டிரோன் வந்தது. பறவைகள் இடுக்கை விட்டுக் கிளம்பி வானத்தில் சுற்றிக்கொண்டே இருந்தன. கீழே காய்கிற பாறையில் முட்டையை யார் காப்பது? அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர் என்னிடம், "அவுக வந்ததுக்கப்புறம் அது ரெண்டும் உக்காரவே இல்லம்மா" என்றார். பங்குனியில் நான் போனபோது அந்த இடுக்கில் எச்சத்தின் வெள்ளைக் கறை மட்டும் காய்ந்து கிடந்தது. லகர் வல்லூறு உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. நம் ஊர்ப் பாறையில் ஒரு சோடி ஓர் ஆண்டு குஞ்சு பொரிக்காமல் போவது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

இடத்தின் பெயரை எழுதாமல் விட்டால் போதும் என்று நீ சொல்லக்கூடும். போதாது, மல்லிகா. நீ படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பியிருந்தாய். அதனால் செல்போனில் எடுத்த ஒவ்வொரு படத்தோடும் எடுத்த நாள், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அப்படியே வந்து சேர்ந்தன. ஸ்பிதியின் கிப்பர் கிராமத்தில் நீலஆட்டுக் கூட்டம் நின்ற சரிவை நான் மேலூரில் உட்கார்ந்துகொண்டே வரைபடத்தில் தொட்டுக் காட்டிவிடுவேன். சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் நீங்கிவிடும். கேமரா அமைப்பில் லொக்கேஷனை முன்பே அணைத்து வைப்பது இன்னும் நல்லது. அதையும் தாண்டி, படமே காட்டிக்கொடுக்கும். நான் உனக்கு அனுப்பிய படத்தில் வல்லூற்றின் பின்னால் வெறும் வானம் மட்டும் இருப்பதைக் கவனித்தாயா? அசல் படத்தில் இடது ஓரத்தில் யானைமலையின் முதுகும் அதற்கு முன்னால் ஒரு கண்மாய்க் கரையும் தெரியும். இந்த வட்டாரத்தில் பிறந்த எவரும் அந்த இரண்டையும் வைத்து, படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்று சொல்லிவிடுவார்கள். அதனால்தான் வெட்டிவிட்டு அனுப்பினேன்.

தேவாங்கின் கதை இன்னும் மோசம். (விடுதியில் உனக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதை உன் நண்பர்களிடம் சொல்ல மாட்டேன், பயப்படாதே.) அழகர்மலைப் பக்கமும் அய்யலூர், கடவூர்ப் பக்கமும் இரவில் வெளியே வரும் அந்தச் சின்ன உயிருக்கு 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் தனிச் சரணாலயமே அறிவித்தார்கள், இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அதுதான். மருந்து என்றும் மாந்திரீகம் என்றும் அதைப் பிடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருட்டில் பார்ப்பதற்காகவே அமைந்த அந்தப் பெரிய கண்களில் மீண்டும் மீண்டும் பிளாஷ் அடித்துப் படம் எடுத்து, அதன் கீழே கிராமத்தின் பெயரையும் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆனால் பழைய கட்டுமானங்கள் விஷயத்தில் என் எண்ணம் இதற்கு நேர் எதிரானது. கல்வெட்டையும், பாறையைக் குடைந்து அமைத்த குடைவரையையும், சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய கற்படுக்கையையும் படம் எடுத்தால் ஊர், மலை, நாள் எல்லாவற்றையும் தெளிவாக எழுது, எல்லோருக்கும் அனுப்பு. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் வெட்டிய குழிகளை நீயே பார்த்திருக்கிறாய். யாருக்கும் தெரியாத பாறை இங்கே எளிதாகக் காணாமல் போகும்; பெயரும் படமும் தேதியும் உள்ள பாறையை வெடி வைத்துத் தகர்க்க வருகிறவன் கொஞ்சம் தயங்குவான். அரிட்டாபட்டியை எடுத்துக்கொள். அங்கே சமணர் படுக்கை, தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பம் உள்ள குடைவரைக் கோயில் என்று இருப்பதையும், லகர், ஷாகின் வல்லூறுகளும் ராசாளியுமாகச் சுமார் 250 பறவை இனங்கள் வருவதையும் ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதனால்தான் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது, ஏலத்தில் அடங்கிய சுமார் 2,015 ஹெக்டேரில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டப் படங்கள் இருந்தன. என் மாணவிகள் அவற்றை அட்டையில் ஒட்டிக்கொண்டு வந்ததை நான் மறக்க மாட்டேன். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை மக்கள் நடந்தார்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் தெருவில் இறங்காமல் படங்களால் மட்டும் அது நடந்திருக்காது. ஆனாலும் படங்கள் இல்லாமல் இருந்திருந்தால், "அங்கே வெறும் பாறைதானே" என்ற பேச்சுக்குப் பதில் சொல்லச் சிரமப்பட்டிருப்போம்.

ஆகவே உன் நண்பர்களைத் தாராளமாக அழைத்து வா. நான் மூன்று இடங்களுக்குக் கூட்டிப் போகிறேன்: கீழக்குயில்குடிச் சமணர் மலை, அரிட்டாபட்டிக் குடைவரை, மாங்குளம் மலை. சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக அமர்ந்தும் நின்றும் இருக்கும் தீர்த்தங்கரர்களையும், அவர்களுக்கு அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டையும் உச்சி வெயிலில் எடுத்தால் எல்லாம் தட்டையாகிவிடும். வெயில் சாய்ந்த பிறகு எடுக்கச் சொல். மாங்குளத்தில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் வரும் கல்வெட்டுக்கு ஒரு டார்ச் விளக்கு கொண்டு வாருங்கள். விளக்கை நேராக அடித்தால் சொரசொரப்பான பாறை மட்டும்தான் தெரியும். பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து மெதுவாக நகர்த்து. ஒவ்வொரு கீறலின் ஓரத்திலும் நிழல் விழுந்து, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய உளி நின்ற இடமும் திரும்பிய இடமும் ஒவ்வொன்றாக எழும். அந்த நிமிடத்தை உன் முகத்தில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அழைத்து வா: யாரும் எழுத்தின் மேல் சாக்பீஸ் பூசக் கூடாது, பாறை ஓவியம் பளிச்சென்று தெரிவதற்காகத் தண்ணீர் தெளிக்கக் கூடாது. தண்ணீர் ஓவியத்தின் ஆயுளைக் குறைக்கும். சாக்பீஸ் பூசுகிறவர் பாறை வெடிப்பையும் எழுத்தின் கோடாக நினைத்துப் பூசிவிட்டால், படத்தைப் பார்த்துப் படிக்கிறவர்கள் அத்தனை பேரும் இல்லாத எழுத்தைப் படிப்பார்கள்.

வல்லூற்றுக்கு நீ மட்டும் தனியாக வா, அதுவும் குஞ்சுகள் பறந்து போன பிறகு, சித்திரை கடந்து. வெயில் கொளுத்தும்; உன்னால் தாங்க முடியாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே, ஸ்பிதிக் குளிரைத் தாங்கியவள் நீ. தொலைவிலிருந்து பைனாகுலரில் பார்ப்போம். படம் எடுத்தால் உன்னிடமும் என்னிடமும் இருக்கட்டும்.

ஜனவரியில் வருவதானால் பொங்கல் வாரத்தைத் தவிர்த்துவிடு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டுக் கூட்டத்தில் வண்டியும் அறையும் கிடைக்காது. எட்டுப் பேரில் எத்தனை பேருக்குச் சைவச் சாப்பாடு என்று முன்கூட்டியே எழுது. வரும்போது லாங்சா சிறுவனின் படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்து வா, வகுப்பறையில் மாட்ட வேண்டும்.

அன்புடன்,
தமிழரசி