தீர்த்தம் வாங்கும் கை

அன்புள்ள சாந்தி,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் நலம்தானே? பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு வைகாசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வந்து திட்டு. இன்றைக்கு உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்திருக்கிறார்கள். வந்த மூன்றாம் நாள் சாம்பல் கோழி ஒன்பது குஞ்சு பொரித்தது. போன புதன்கிழமை சின்னவன் ஒரு குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். "பாட்டி, தூங்கிடுச்சு" என்றான். தலை தொங்கிக் கிடந்தது.

அவன் கீழே போடவில்லை, மிதிக்கவில்லை. நழுவிவிடுமோ என்று நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கிறான். நாலு வயதுப் பிள்ளையின் பிரியமெல்லாம் விரலில்தானே இருக்கிறது! கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். குஞ்சு கெட்டியான உயிர் என்றுதான் நினைத்திருந்தேன். மறுநாள் கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குச் சொட்டு மருந்து வாங்கப் போனபோது கால்நடை டாக்டரிடம் கேட்டேன். நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே, மூச்சை இழுத்துவிட உதவும் உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. பறவைக்கு அது கிடையாதாம். நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் காற்று போய் வரும். மூக்கைத் தொடவே வேண்டாம், நெஞ்சைச் சுற்றி இறுக்கினாலே மூச்சு நின்றுவிடும். இத்தனை வருஷம் கோழி வளர்க்கிறேன், எனக்கு இது தெரியாது சாந்தி.

நம் சாயம் போட்ட ரோஸ் குஞ்சு ஞாபகம் இருக்கிறதா? திருவிழாவில் வாங்கி, செருப்பு டப்பாவில் போட்டு, உங்கள் திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கினோம். விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடந்தது. நான் போட்ட சோறுதான் கொன்றது என்றாய் நீ. சாயம்தான் என்றேன் நான். ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தால் குளிர்தான் என்று படுகிறது. முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி சூடு வேண்டும். தாயின் இறக்கைக்குள் இருக்க வேண்டியதை நாம் தனியாகப் பனியில் விட்டோம். நமக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

சின்னவனிடம் முதலில், "சாமிகிட்ட போயிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். அது தப்பு. இரண்டு ராத்திரி கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டே படுத்தான். மூன்றாம் நாள் காலையில் மடியில் உட்காரவைத்து, அவன் வயிற்றில் அவன் கையையே வைத்து, ஏறி இறங்குவதைக் காட்டினேன். "குஞ்சுக்கும் இப்படி அசையணும் கண்ணு. இறுக்கிப் பிடிச்சதுல அசைய முடியல. உனக்குத் தெரியாது. பாட்டிதான் சொல்லித் தந்திருக்கணும்." அழுதான். நன்றாக அழுதான். அதற்குப் பிறகுதான் கை வெளியே வந்தது.

மருமகள் இனிமேல் கூட்டுப் பக்கமே போகக் கூடாது என்கிறாள். தாய்க்குப் பயம் இருக்கும்தான். ஆனால் இந்தப் பயத்தோடு பிள்ளைகள் ஊருக்குப் போக எனக்கு மனசில்லை.

பெரியவளுக்கு ஏழு வயது. அவளுக்குப் பழக்குகிறேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், நின்றுகொண்டு தூக்கவே கூடாது. கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி கையைக் குவித்து மடிமேல் வைத்துக்கொள்ள வேண்டும். தாய்க்கோழி கொத்த வரும் என்பதால் குஞ்சை எடுத்து வைப்பது நான். துள்ளினாலும் மடியில்தான் விழும். கத்த ஆரம்பித்தால் உடனே தாயிடம் விட்டுவிட வேண்டும். முத்தம் கொடுக்கத்தான் துடிக்கிறாள், அது மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டேன். குஞ்சு பளிச்சென்று இருந்தாலும் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கடுமையாக வரும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வீட்டுக்குள் கால் வைக்க விடுவதில்லை.

ஐந்து வயதுக்குக் கீழே குஞ்சைத் தொடவே விடாமல் இருப்பதுதான் நல்லது என்றார் டாக்டர். அதனால் சின்னவனுக்கு வேறு வேலை. தள்ளி நின்று குருணை இறைப்பான். தண்ணீர்த் தட்டில் குஞ்சு முழுகிவிடாமல் இருக்கப் போடும் கூழாங்கல்லைப் பொறுக்கித் தருவான். நேற்று எட்டுக் கல் கொண்டுவந்தான். திரும்பவும் ஓடிப்போய் ஒன்பதாவது கல்லையும் எடுத்துவந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கித் தட்டில் போட்டேன்.

கறுப்புக் கோழி 11 முட்டையோடு அடையில் இருக்கிறது. 21 நாள் கணக்குப்படி வருகிற வெள்ளிக்கிழமை பொரிக்கும். உன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா. வரும்போது உன் வீட்டுப் பழைய பஞ்சாரத்தையும் மறக்காமல் கொண்டுவா, பருந்து நடமாட்டம் அதிகமாக இருக்கிறது, குஞ்சுகளைக் கவிழ்த்து மூட வேண்டும்.

உன்,
வசந்தா