போய் ஆசாரியனுக்குக் காண்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் பாளையங்கோட்டைச் சுவர்களில் ஜெபத்தால் நோய் நீங்கும் என்று அழைக்கும் சுகமளிக்கும் கூட்டங்களின் சுவரொட்டிகள் மறுபடியும் நிறைந்துவிட்டன. நான் நாற்பது ஆண்டுகளாகப் பெந்தெகொஸ்தே சபையில் இருப்பவன்; நோயாளியின் மேல் கைவைத்து ஜெபிப்பதையும், ஆவியால் நிறைந்து அறியாத மொழியில் பேசும் அந்நிய பாஷையையும் தீர்க்கதரிசனத்தையும் மனதார விசுவாசிக்கிறவன். அந்த விசுவாசத்தின் மேலுள்ள அக்கறையினால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் உள்ள ஓர் அம்மா பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். சென்ற ஆண்டு இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில், “சர்க்கரை வியாதியோடு வந்திருக்கும் ஒரு சகோதரியைக் கர்த்தர் இப்போது தொடுகிறார்” என்று மேடையிலிருந்து சொல்லப்பட்டபோது, அது தமக்கான வார்த்தை என்று நம்பி, மேடையேறித் தாம் சுகமானதாகச் சாட்சியும் சொல்லிவிட்டு வந்தார். மைதானம் நிறைய ஆட்கள் இருந்த இடத்தில் அந்த வியாதி உள்ள சகோதரிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்பது உண்மை. நிறுத்த வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மாத்திரை அட்டைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். சில மாதங்களில் காலில் புண் வந்து, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நடந்ததைச் சொல்லி அவருடைய மகன் எழுதிய கடிதத்துக்குப் பதிலாக வந்தவை, ஊழியத்துக்குத் தொடர்ந்து பணம் கொடுக்கும் பங்காளர் திட்டத்தில் சேரச் சொல்லும் அச்சடித்த தாளும் ஒரு காணிக்கைக் கவரும்.

வேதாகமத்தில் மாற்கு சுவிசேஷம் முதலாம் அதிகாரத்தில், குஷ்டம் நீங்கியவனிடம் இயேசு, இதை ஒருவருக்கும் சொல்லாதே, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறார். மோசேயின் சட்டமாகிய அன்றைய நியாயப்பிரமாணத்தின்படி, நோய் நீங்கியதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் யூத மதகுருவான ஆசாரியர். அதன் பிறகும் அவன் ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியே தங்கியிருக்க வேண்டும். சுகம் கொடுத்தவரே அதைச் சரிபார்க்க அனுப்பியிருக்கும்போது, இன்று சாட்சி சொல்ல வருகிறவரிடம் மருத்துவரின் பரிசோதனைச் சீட்டைக் கேட்பதை மட்டும் அவிசுவாசம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1986இல் அமெரிக்காவில் நடந்ததை நம் விசுவாசிகள் அறிந்திருக்க வேண்டும். பீட்டர் போபாஃப் என்ற தொலைக்காட்சிப் பிரசங்கியார், முன்பின் அறியாதவர்களின் பெயரையும் விலாசத்தையும் வியாதியையும் மேடையில் நின்றபடியே சொல்லிவந்தார். போலி அற்புதங்களை ஆராய்ந்து வெளிப்படுத்திவந்த மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் குழுவினர் வானொலி அலைகளைப் பிடிக்கும் கருவியோடு கூட்டத்துக்குப் போனபோது, 39.17 மெகாஹெர்ட்ஸில் அவருடைய மனைவியின் குரல் கேட்டது. ஜனங்கள் எழுதிக் கொடுத்த ஜெபக் குறிப்புகளை அவர்தான் பிரசங்கியாரின் காதிலிருந்த சிறு கருவிக்கு வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டே போபாஃப் திவாலானதாக அறிவித்தார் என்றாலும், பின்னர் திரும்பவும் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டார் என்பதுதான் எனக்கு அதிக வேதனை தருகிறது.

சத்தத்தையும் ஆர்ப்பரிப்பையும் வைத்து ஓர் ஊழியத்தைப் போலி என்று தள்ளிவிடவும் கூடாது. 1906இல் லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருவில் எழுப்புதல் என்னும் ஆவிக்குரிய எழுச்சி உண்டானபோது ஜனங்கள் அழுதார்கள், விழுந்தார்கள், அந்நிய பாஷை பேசினார்கள்; பத்திரிகைகள் பரிகாசம் செய்தன. ஆனால் அதை நடத்திய வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர், ஒரு கண் பார்வை இழந்தவர், பிரசங்க மேடையாக இருந்த பழைய மரப்பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருப்பார். காணிக்கைத் தட்டு சுற்றி வரவில்லை. வாசலருகே ஒரு பெட்டி இருந்தது, அவ்வளவுதான். அதற்கும் முன்பே, 1860இல், நம் திருநெல்வேலிச் சீமையில் இதே வரங்களோடு எழுப்புதல் நடந்தபோது முன்னின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், மிஷன் சம்பளம் எதையும் வாங்காமல் ஊழியம் செய்தவர்.

ஆகவே கூட்டங்களை நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது: சாட்சிகளை அன்றிரவே மேடையேற்றாமல் சில மாதங்கள் பொறுத்து, மருத்துவச் சான்றோடு சொல்லச் செய்யுங்கள், காணிக்கைக் கணக்கைத் தணிக்கை செய்து ஆண்டுதோறும் வெளியிடுங்கள், சுகத்துக்காக ஜெபித்து முடித்த அதே ஒலிபெருக்கியில், மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கள் தெரு அம்மாவின் சொந்தச் சபைப் போதகர், ஐம்பது பேர் கூடும் ஓட்டுக் கட்டடத்தில் ஊழியம் செய்பவர், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பதினொரு நாளும் பேருந்து ஏறி மருத்துவமனைக்கு வந்து ஜெபித்தார். பரணிலிருந்த மஞ்சள் பையை இறக்கி, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று மருத்துவரிடம் கேட்டு அட்டைகளின் மேல் எழுதிக் கொடுத்ததும் அவர்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.