லவ் கேக்கும் ஒரு “மட்டும்” என்ற சொல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் நத்தார் சிறப்பிதழின் சமையல் பக்கத்தை வாசித்தேன். “லவ் கேக் கொழும்புப் பறங்கியர் வீடுகளில் மட்டும் செய்யப்பட்ட பலகாரம்” என்று அதில் ஒரு வரி. அந்த “மட்டும்” இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை. மட்டக்களப்பிலும் பறங்கியர் இருக்கிறார்கள் என்பது எழுதியவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். அவர்கள் வழிவந்த பறங்கியர் இன்றும் எங்கள் அயலவர்கள். வீட்டுக்குள் போர்த்துக்கேயக் கலப்புமொழி பேசும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாசலுக்கு வந்தால் எங்களைப் போலவே மட்டக்களப்புத் தமிழ்தான். நீங்கள் அட்டையில் பெரிய எழுத்தில் போட்ட “நத்தார்” என்ற சொல்லே போர்த்துக்கேயரின் நத்தால்தான். பாண், போறணை, கதிரை, அலுமாரி எல்லாம் அந்த வழியில் வந்தவை.

நான் தாண்டவன்வெளியில் பிறந்து வளர்ந்தவள். பக்கத்து வீடு பறங்கியர் வீடு. அங்கிள் தச்சு வேலை, அன்டி தையல். மார்கழி மழையில் ஒழுங்கை முழுக்கத் தண்ணீர் நிற்கும். அதற்குள்ளால் நானும் அவர்களுடைய மகளும் கேக் தட்டைக் குடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு பேக்கரிக்குப் போவோம். பாண் இறக்கிய பிறகு போறணையில் மிஞ்சியிருக்கும் சூட்டில்தான் அது வேக வேண்டும். அடி கருகாமல் இருக்கத் தட்டுக்குள் பழைய பத்திரிகையை மூன்று மடிப்பாக விரித்து, மேலே பட்டர் பூசிய தாள் வைப்பார் அன்டி. அந்தப் பத்திரிகை உங்களுடையதுதான், எங்கள் வீட்டிலிருந்து கொடுத்தது.

நாங்கள் மெதடிஸ்த சபைக்காரர். எதிர் வீடு சைவம். சில வருடங்களில் திருவெம்பாவை நத்தாரோடு சேர்ந்து வரும். அப்போது அந்த வீட்டுக்கு முட்டை படாத பலகாரம் போக வேண்டும் என்று அம்மா தனிச் சட்டியில், புது எண்ணெயில் முறுக்கும் பயற்றம் பணியாரமும் சுடுவார். அப்பாவின் கூட்டாளி காத்தான்குடிப் புடைவைக்கடை முஸ்லிம் காக்கா. அவருக்குப் பிராண்டி சேர்க்காத கேக், அதற்கென்றே வைத்திருந்த தட்டில். நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டு வட்டிலப்பம் எங்களுக்கு வரும். இதையெல்லாம் யாரும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. உங்கள் சிறப்பிதழிலோ “பல பண்பாட்டு நத்தார் உணவு” என்ற தலைப்பின் கீழ் ஒரு ஹோட்டல் மேசையும் வான்கோழிப் படமும் இருந்தன.

அன்டியின் மகள் கலியாணம் முடித்து, கடலோரத்தில் இருக்கும் டச்பார் என்ற இடத்துக்குப் போனாள். 2004 டிசம்பர் 25 மாலை வந்து ஒரு டின் நிறைய லவ் கேக் தந்துவிட்டுப் போனாள். வெறும் டின் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. இரவே அதில் பணியாரம் போட்டு மூடி வைத்தேன். காலையில் கடல் வந்தது. அந்த டின் இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களைத்தான் ஐயா, உங்கள் பத்திரிகை ஒரு சொல்லால் இல்லாமல் ஆக்கியிருக்கிறது.

இது முதல் தடவையும் அல்ல. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்த் தேவாலயப் படத்தை வேறு ஊர்ப் பெயரோடு போட்டீர்கள். எழுதினேன், திருத்தம் வரவில்லை. வெள்ளம் வந்தால், யானை வந்தால், தேர்தல் வந்தால் மட்டும் மட்டக்களப்பு உங்கள் பக்கங்களுக்கு வருகிறது. இங்கே ஒரு பாடசாலையின் நத்தார் ஒளிவிழாவில் பறங்கியப் பிள்ளை ஒன்றிடம், “உங்கட ஆட்கள் எல்லாரும் ஆஸ்திரேலியா போயிற்றாங்கள்தானே?” என்று ஓர் ஆசிரியை கேட்டதை என் காதால் கேட்டேன். நானும் 30 வருடம் படிப்பித்தவள். அந்தப் பிள்ளை தலை குனிந்து நின்றது எனக்கு வெட்கமாக இருந்தது. இங்கேயுள்ள பறங்கியரைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு வரியாவது வந்திருந்தால் அந்த ஆசிரியை அப்படிக் கேட்டிருப்பாரா?

அப்புறம், அந்தச் செய்முறையும் பிழை. லவ் கேக்குக்குக் கோதுமை மா போடுவதில்லை, ரவைதான். அன்டியின் கணக்கு இது: ரவை 250 கிராம், பட்டர் 250 கிராம், சீனி 500 கிராம், கஜு 250 கிராம், பத்து முட்டையின் மஞ்சள் கரு. நீற்றுப்பூசணித் தோசி (சீனிப்பாகில் காய்ச்சிய துண்டுகள்), தேன், ரோசாப் பன்னீர், சாதிக்காய், ஏலக்காய், தேசிக்காய்த் தோல் துருவல். ரவையை மெல்லிய சூட்டில் வறுத்து, பட்டரில் ஊறவிட வேண்டும். கஜுவை மாவாக அரைக்கக் கூடாது, கொத்தித்தான் போட வேண்டும். சூடு கூடினால் மேல் கறுத்து உள் வேகாது.

அடுத்த ஞாயிறு இதழில் இந்த அளவைத் திருத்திப் போடுங்கள். அந்த வரியில் இருக்கும் “மட்டும்” என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தைப் போட வேண்டாம், திருத்தம் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தாண்டவன்வெளி, மட்டக்களப்பு.