மலை ஊர் உணவகங்கள்: இருட்டிய பிறகு எப்படி இருக்கும் என்றும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலை ஊர் உணவகங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் அறிமுகங்களில் பெரும்பாலும் பட்டப்பகலில் எடுத்த பள்ளத்தாக்குப் படம் ஒன்று இருக்கும். திருமண நாளுக்குத் துணையை அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் ஜன்னலோர மேசையைப் பதிவு செய்கிறார்கள். இரவு எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தால் கண்ணாடிக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. உள்ளே வெளிச்சமும் வெளியே இருட்டுமாக இருந்தால் ஜன்னலில் தெரிவது நம் முகமும் தலைக்கு மேலே எரியும் விளக்கும்தான்.

ஆகவே உணவகத்தைத் தேடும் முன்பே நேரத்தை முடிவு செய்துவிட வேண்டும். நாள்காட்டியில் போட்டிருக்கும் சூரியன் மறையும் நேரம் சமவெளிக்குத்தான் சரி. மேற்கே உயரமான முகடு இருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே வெயில் போய்விடும். தொலைபேசியில் கேட்கும்போது, "இந்த மாதம் எத்தனை மணி வரை ஜன்னலில் வெளிச்சம் இருக்கும்?" என்று கேளுங்கள். அங்கே வேலை செய்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். வெயில் போவதற்கு அரை மணி முன்னால் உட்கார்ந்துவிட்டால் காட்சியும் கிடைக்கும், இருட்டுவதையும் சேர்ந்து பார்க்கலாம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் சூரியன் மறைந்தபின் 20, 25 நிமிடத்தில் இருட்டிவிடும். அங்கிருந்து தள்ளிப் போகப் போக அந்தி நீளும். பௌர்ணமியை ஒட்டி நாள் அமைந்தால் கிழக்குப் பார்த்த ஜன்னலைக் கேளுங்கள். சூரியன் மறையும் வேளையில்தான் முழுநிலா எழும். எதிரே மலை இருந்தால் தலைகாட்டக் கொஞ்சம் தாமதமாகும்.

தாமதமாகத்தான் மேசை கிடைக்கிறது என்றால், மேசைக்கு மேலுள்ள விளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அணைத்தால் கீழே ஊரின் விளக்குகளாவது தெரியும். மெழுகுவர்த்தி கண் மட்டத்துக்குக் கீழே, இருவர் முகத்துக்கும் நடுவில் வராமல் ஒரு ஓரமாக இருக்கட்டும். நேருக்கு நேர் உட்கார்ந்தால் ஒருவர் ஜன்னலுக்கு முதுகு காட்ட வேண்டியிருக்கும். மேசையின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் உட்கார்ந்தால் இருவருக்கும் காட்சி உண்டு. பேசவும் குரலை உயர்த்த வேண்டாம்.

அடுத்தது குளிர். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஜன்னலோரத்தில் அது இரட்டிப்பாகத் தெரியும். கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று கீழே இறங்கிக் காலைத் தாக்குவதுதான் காரணம். மேசையைக் கண்ணாடியிலிருந்து ஒரு முழமாவது தள்ளிப் போடச் சொல்லுங்கள். வாசல் கதவுக்கு நேரே உள்ள மேசை வேண்டாம். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் குளிர் உள்ளே வரும். மொட்டை மாடியில் நிற்கும் எரிவாயு ஹீட்டர் இரண்டு மூன்று மீட்டருக்குள்தான் சூடு தரும். காற்று வீசினால் அதுவும் இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தம்பதியருக்கென்றே சிறு கூடாரமோ கண்ணாடிக் குடிலோ அமைத்து, உள்ளே கரிக்கனல் சட்டி வைத்து, திரையை இழுத்து மூடிவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கனிந்த கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை வரவில்லையே என்று நம்பி உட்காருவதுதான் ஆபத்து. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்றோ மது என்றோ நினைத்துச் சும்மா இருந்துவிடுவார்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனே திறந்த வெளிக்கு வந்துவிட வேண்டும். மருத்துவரிடமும் போக வேண்டும். புகைபோக்கியுள்ள கணப்பு என்றால் சரி. இல்லையேல் மின்சார ஹீட்டர்தான். மின்வெட்டின்போது ஓடும் ஜெனரேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் கேளுங்கள். அதன் சத்தம் பேச்சைக் கெடுக்கும், புகையோ உயிருக்கே ஆபத்து.

சமையலிலும் உயரம் விளையாடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை இறங்குகிறது. 2,000 மீட்டரில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் வேகவைக்கும் பருப்பு, கிழங்கு, இறைச்சி எல்லாம் நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தினால் அரைவேக்காடாக வரும். அத்தகைய பதார்த்தம் வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவிடுங்கள். தட்டைச் சூடாக்கித் தரச் சொல்வதும் நல்லது. குளிரில் உணவு சீக்கிரம் ஆறிப்போகும்.

கேக்கைக் கீழிருந்து கொண்டுபோக வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் கிரீம் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவு வேகமாக உப்பி, நடுவில் அமுங்கும். அந்த ஊரிலேயே கேக் செய்து பழகியவர்கள் அதற்கேற்ப அளவுகளை மாற்றியிருப்பார்கள். கட்டாயம் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் இருக்கையில் வைக்காமல் காரின் சமமான தரையில் வையுங்கள்.

2,500 மீட்டருக்கு மேல் தங்குவதாக இருந்தால் விருந்தை முதல் நாள் இரவில் வைத்துக்கொள்ள வேண்டாம். உயரத்தில் பிராணவாயு குறைவதால் தலைவலி, குமட்டல் என வரும் உயர நோய் வருவதானால் ஏறிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைகாட்டும். அந்த நேரத்தில் மதுவும் கனமான சாப்பாடும் உடம்புக்கு ஆகாது. இரண்டாம் இரவு நல்லது. தங்கும் இடத்திலிருந்து நடந்தே போய்வரும் தூரத்தில் உணவகம் அமைந்தால் மூடுபனியில் வண்டி ஓட்டும் கவலை இல்லை. ரோப்காரில் போவதானால் கடைசி வண்டி எப்போது என்று பார்த்துவிட்டு மேசையைப் பதிவு செய்யுங்கள்.

இதையெல்லாம் வாசகர் ஒவ்வொருவரும் தனித்தனியாக விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. உணவகத்தை நேரில் பார்த்து எழுதுபவர்களால் முடியும். ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது, கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு, அறையை எதைக் கொண்டு சூடாக்குகிறார்கள், திரும்பி வரும் பாதை எப்படி என நான்கு விவரங்களை ஒவ்வொரு அறிமுகத்தோடும் தாருங்கள். இரவில் எடுத்த ஒரு படமும் வேண்டும். இடம் போதாவிட்டால் மூடிய குடிலில் கரிச்சட்டி வைக்கிறார்களா என்பதையாவது முதலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உணவகத் துறை சார்ந்த வாசகர்