17 வயசுக்கு ஒரு அலமாரி

சென்னைப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்கு அண்ணன் மகளோடு வந்திருந்தேன். பத்து வயதில் உங்கள் ஸ்டால்களில் பை நிறைய அள்ளிக்கொண்டு போனவள் அவள். இப்போது 17. சிறுவர் புத்தகங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியவர்களுக்கான நாவல்கள் சிலவற்றைப் புரட்டிவிட்டு வைத்துவிட்டாள். கடைசியில் வாங்கியது ஓர் ஆங்கில நாவல். கோடை லீவில் தீம் பார்க் வேலைக்குப் போகும் பிள்ளைகளின் கதை. இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டு, "அத்தை, நீங்களும் இந்த மாதிரி வேலை பாத்தீங்கல்ல?" என்று கேட்டாள்.

பார்த்தேன். ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்கள். ஊருக்கு வெளியே இருந்த ஒரு பார்க்கில் லாக்கர் சாவி கொடுப்பதும், வாடகை நைலான் உடைகளை எண்ணி வாங்குவதும் என் வேலை. அப்புறம் ராட்டினத்துக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு சீட்டிலும் கம்பியைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஆபரேட்டருக்குக் கை காட்ட வேண்டும். அந்தக் கம்பியின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. எங்களோடு இருந்த பையன் ஒருவன் கத்திரி வெயிலில் கரடி வேஷத்துக்குள்ளேயே மயங்கி விழுந்தான். அவனுக்கு அரைநாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். நாங்கள் ஐந்து பேர் காசு சேர்த்து அவனிடம் கொடுத்தோம். அவன் வாங்கவில்லை, இரண்டு நாள் எங்களோடு பேசவும் இல்லை. அவனுக்கு ஏன் கோபம் என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆனது.

இப்படி ஒரு கதையை அந்த வயதில் நான் தமிழில் படித்ததே இல்லை. அவளும் படித்ததில்லை.

சாகித்திய அகாதெமி 2010 முதல் குழந்தை இலக்கியத்துக்குப் பால சாகித்திய புரஸ்கார் தருகிறது. அடுத்த வருடமே யுவ புரஸ்கார் வந்தது. ஆனால் அது 35 வயதைத் தாண்டாத எழுத்தாளர்களுக்கானது, இளம் வாசகர்களுக்கானது இல்லை. உங்கள் விலைப்பட்டியலிலும் 'சிறுவர்' முடிந்தால் நேரே 'நாவல்'தான். "அந்த வயசுப் பசங்க தமிழ் படிக்கிறதில்லை" என்கிறீர்கள். அவர்களுக்கென்று எதை அச்சடித்துவிட்டு இதைச் சொல்கிறீர்கள்?

கதைக்குப் பஞ்சமே இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, எம்ஜிஎம் என்று எத்தனையோ வருடமாகப் பார்க்குகள் இருக்கின்றன. திருப்போரூர்ப் பக்கம் 2025 டிசம்பரில் வொண்டர்லாவும் திறந்தாயிற்று. சீருடை போட்டு நிற்கும் பிள்ளைகளிடம் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் எழுத்தாளர்களை.

150 பக்கம் போதும். பேச்சு இந்த ஊர்ப் பேச்சாக இருக்கட்டும். கடைசி அத்தியாயத்தில் பெரியவர் யாரும் வந்து புத்தி சொல்ல வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் அந்த வயதுப் பிள்ளைகள் நாலு பேரிடம் படிக்கக் கொடுங்கள். அண்ணன் மகளிடம் கேட்டுவிட்டேன், தயாராக இருக்கிறாள். பிடிக்காத இடத்தில் பென்சிலால் கோடு போடுவாளாம், பரவாயில்லையா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
திருவான்மியூரிலிருந்து ஒரு வாசகி